சுற்றுவழி

மகளின் தலையைத் திரையில் ஏற்றி
பேனாவால் தொட்டுக் காட்டினார் மருத்துவர் ஹெல்மே.
"படத்தில் இது வலது. உங்கள் பெண்ணுக்கு இடது."
எனக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

"மூளையின் மேற்பரப்பில் ஓட வேண்டிய சிரைகள்
இந்தப் பக்கம் இல்லை.
கருவிலேயே சரியாக அமையவில்லை.
ரத்தம் உள்ளே திரும்பி
ஆழத்துச் சின்னச் சிரைகள் வழியாக வடிகிறது."

வடிகிறது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.
மற்றதெல்லாம் லத்தீன்.

நான் பால் லாரி ஓட்டுகிறவன்.
சோமா சதுப்பை ஒட்டிய பண்ணைகள் பதினொன்று.
பனி உருகினால் ஆறு கரையை மறந்துவிடும்,
நாலு பருவம் போதாமல் எஸ்தோனியாவில் நாங்கள்
அதற்கு ஐந்தாம் பருவம் என்று பேர் வைத்திருக்கிறோம்.
பாலத்துக்கு முந்திய வளைவில் தண்ணீர் நின்றால்
காட்டுக்குள் திருப்புவேன்,
மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்தடத்தில்
பன்னிரண்டு டன் பாலோடு.
மாட்டு மடி வெள்ளம் வடியக் காத்திருக்குமா?

பால் போய்ச் சேர்ந்துவிடும்.
ஆனால் மே மாதம் அந்தத் தடத்தைப் பார்க்க வேண்டும்:
முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம்,
ஓரத்து பிர்ச் மரங்களின் வேரெல்லாம் வெளியே.

எத்தனை வசந்தம் தாங்கும்
என்றுதான் கேட்க நினைத்தேன்.
கேட்டது:
"பார்க்கிங் சீட்டில் முத்திரை எங்கே போடுவார்கள்?"

முகத்துக் கறை பிறக்கும்போதே இருந்தது.
நெற்றியிலிருந்து இடது இமை வரை கருஞ்சிவப்பு.
பஸ்ஸில் ஒருத்தி
எச்சில் தொட்ட கைக்குட்டையோடு குனிந்தாள்.
"ஜாம் இல்லை" என்றாள் மால்லே.
அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள் குழந்தையோடு,
எங்கள் வீடு இன்னும் நாலு நிறுத்தம் தள்ளி.
அதுதான் நோய் என்று நினைத்திருந்தோம்
பதினான்கு மாதம்.

பிறகொரு காலை, பூட்ஸ் மாட்டும்போது
குழந்தையின் வலது கை மட்டும் தனியாக
யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்தது.
கண் எங்களிடம் இல்லை.
ஏழு நிமிடம்.
அடுப்பின் கடிகாரத்தை மால்லே இன்றுவரை
துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

லோனேவுக்கு இப்போது ஆறு வயது.
கண்ணாடியில் மூச்சுப் படிய
திரையை ஒட்டி நின்றாள்.
சாய ஊசிக்குப் பின் எடுத்த படம்.
நடுவை நோக்கிப் பொடிப்பொடியாய்
வெள்ளைக் கோடுகள் இறங்குகின்றன.
"இந்த வழியை யார் வெட்டினது?"

மருத்துவர் பேனாவை மூடினார். திறந்தார்.
"யாருமில்லை. ரத்தமேதான்."
"அதுக்கு வழி தெரியுமா?"
"தெரியாது. போகப் போகத்தான்."

லோனே தலையாட்டினாள்,
லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து
பள்ளத்துக்குப் பள்ளம் ஆட்டுவாளே, அப்படி.

தார்த்துவிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது.
கால் மாத்திரை ஆஸ்பிரினைத் தயிரில் குழைத்துக் கொடுத்து
மால்லே பின்சீட்டில் சாய்ந்தாள்.
வளைவில் சிவப்புப் பலகை: சாலை மூடல்.
லோனே தூங்குகிறாள்,
வலது கை மடியில் திறந்து கிடக்கிறது.

காட்டுக்குள் திருப்பினேன்.
இன்றைக்குக் கார்தான், பாரமில்லை.
இருந்தும்
போன வருடப் பள்ளங்களில் சக்கரம் விழாமல்
ஓரமாகவே ஓட்டினேன்.