காதில் ஒரு துளி

நவமி காலை. லலித்பூரில் இது எனக்கு நாலாவது வீடு.
தோள்பட்டை இறங்கிவிட்டது.
கத்தியை முற்றத்துக் கல்லில் சாய்த்துவிட்டுத்
தேநீர் குடிக்கிறேன், எனக்கென்று தனியாக வைத்திருக்கும் கோப்பையில்.
குடிப்பெயர் கட்கி. கட்கம் என்றால் வாள்.
பெயரைச் சொன்னாலே என்ன வேலை என்று
யாரும் கேட்கத் தேவையில்லை.

ஆட்டின் நெற்றியில் குங்குமம், அட்சதை.
தலையில் தண்ணீர் தெளித்தார் ரத்னமான்.
உடம்பை ஓர் உலுக்கு உலுக்கிச் சிலிர்த்தால்
சம்மதம் தந்துவிட்டது என்று பொருள்.
சிலிர்க்கவில்லை.
இரண்டாம் முறையும் தெளித்தார்.
அது சுவரிலிருந்த தேர்தல் சுவரொட்டியின்
ஓரத்தைக் கிழித்து மென்றது.

"பார்த்தீர்களா, அதற்கு இஷ்டமில்லை" என்றான்
முந்தாநாள் மெல்பர்னிலிருந்து வந்திறங்கிய தம்பி சுயோக்.
பாக்மதியில் மிதக்கும் நுரையைப் பற்றிப் பேசினான்.
லாரியில் கால் மடங்கி வரும் மந்தைகளைப் பற்றி,
அவை விடும் ஏப்பம் வானத்தைச் சூடாக்குவது பற்றி.
"நீ வந்த விமானம் என்ன, புல் தின்றா பறந்தது?"
என்றார் அண்ணன்.
"நேற்று ராத்திரி பதினான்கு மோமோ தின்றாயே,
அந்தக் கோழி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது?"
அண்ணி இருவரையும் பார்க்காமல் பூண்டு உரித்தாள்.
சட்டம், சாஸ்திரம், கொலஸ்ட்ரால்
எல்லாம் முற்றத்துக்கு வந்து போயின.
தெருமுனையில் வேறு, அட்டை பிடித்த பிள்ளைகள்.
ஒருத்தியின் செருப்பு நல்ல எருமைத்தோல்.
எனக்குத் தோல் தெரியும்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
காதுக்குள் ஒரு துளி விட்டால் போதும்,
எந்த ஆடும் சிலிர்க்கும்.
இருபத்தாறு வருஷமாக
அம்மனுக்குப் போன அத்தனை சம்மதமும்
இந்தச் சுண்டுவிரல் நுனியிலிருந்து போனதுதான்.

சொல்லவில்லை. விரலை நனைக்கவும் இல்லை.
தோள் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பூசணி ஜெயித்தது.
சாம்பல் பூசணி. நான்கு குச்சிக் கால்கள் செருகி,
குங்குமம் வைத்து, என் முன்னால் நிறுத்தினார்கள்.
பழக்கதோஷம், அதன் மேலும் தண்ணீர் தெளித்தார் ரத்னமான்.
எல்லோரும் காத்திருந்தோம்.
ஒரு குழந்தை சிரித்த பிறகுதான்
எதற்காக நிற்கிறோம் என்று உறைத்தது.
ஒரே வெட்டு. கைதட்டினார்கள்.
சுயோக் படம் எடுத்தான், என் கையை மட்டும்.

ஆடு?
பிழைத்த ஆட்டை மூன்றாம் மாடியிலா கட்டி வளர்ப்பார்கள்?
வாங்கிய விலையில் ஆயிரம் குறைத்து
என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

என் கடையில், நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால்
யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
அங்கே அம்மன் இல்லை, தராசுதான்.
இருந்தாலும் ஒரு குவளைத் தண்ணீரை
அதன் முகத்துக்கு நேரே நீட்டினேன்,
காதுப் பக்கம் போகாமல்.
குடித்தது.
முழுவதும் குடித்துவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று குவளையை முகர்ந்தது.

சாயங்காலம் அண்ணி வந்தாள்.
"மூன்று கிலோ. தொடைப் பக்கமாக."
கறுப்புப் பையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு
"எந்த ஆடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

கூலியோடு பாதிப் பூசணியும் கொடுத்திருந்தார்கள்.
வீட்டில் நானிமையா
விதைகளை வழித்தெடுத்தபடி கேட்டாள்:
"இதுவும் சிலிர்த்ததா?"
வழுக்கிய விதையொன்று அவள் விரலிடுக்கிலிருந்து
தெறித்துப் போய்ச் சுவரில் ஒட்டியது.
எனக்குப் பசித்தது.
அவல் இருக்கிறதா என்று கேட்டேன்.