மூடியைக் கழற்றி வை

மல்லாவிப் பால் சங்கத்தின் பின்னறை.
புண்ணாக்கு மூட்டை அடுக்கிய இடம்,
சுவரில் இன்னும் அந்த எண்ணெய்க் கறை.
வவுனியாவில் வாங்கிய பழைய கணினி
மின்விசிறி தேய்ந்து கரகரக்கிறது.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
பதினொன்றே காலுக்கு வந்தபோது
பாதி நிறுவியதை எல்லாம் மறந்துவிட்டு
எந்த மொழியில் தொடங்க என்று கேட்டது.

வாடகைக்கும் கிடைக்கும் இந்த வேலை.
முகத்தை அனுப்பினால்
எங்கோ ஒரு குளிரூட்டிய கூடம் பார்த்து
ஆம், இல்லை என்று திருப்பி அனுப்பும்.
சங்கம் கூடி வேண்டாம் என்றது.
தலைவர் பூலோகசிங்கம் கூட்டக் குறிப்பில் எழுதினார்:
உறுப்பினர் முகம் துணுக்காயைத் தாண்டக்கூடாது.
சிரித்தவர்களும் கையெழுத்திட்டார்கள்.

முந்நூற்றுப் பதினேழு முகம்.
ஒவ்வொன்றும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எண்ணாகி
ஒரு கோப்பில் உட்காரும்.
எல்லையைக் கொஞ்சம் தளர்த்தினேன்:
ஜெசிந்தாவின் பால் காசு தங்கைக்குத் திறந்தது.
இறுக்கினேன்:
தலை முழுகி வந்த ஜெசிந்தாவை
ஜெசிந்தா இல்லை என்றது.

அடுத்தது உயிர்ச் சோதனை.
படத்தைக் காட்டி யாரும் ஏமாற்றாதிருக்க
இரு கண்ணும் சிமிட்ட வேண்டும்.
அன்னலிங்கத்தின் இடது இமை ஷெல்லோடு போனது,
உள்ளே கண்ணாடிக் குண்டு.
சிமிட்டினார், சிமிட்டினார்.
உயிருள்ள ஆளாகத் தெரியவில்லை என்றது பெட்டி.
"இதை முந்தியும் ஒருக்காச் சொன்னவங்கள், பிள்ளை.
வீட்டில எட்டுச் செலவும் முடிஞ்ச பிறகுதான்
நான் வந்து சேர்ந்தனான்."
ஒரு வரியை மாற்றி எழுதினேன்:
ஒரு கண் போதும்.

செல்வநிதி கதிரையில் இருக்கவில்லை.
கறுப்புக் கமராவைப் பார்த்தபடி நின்றார்.
"சாக்குக்குள்ள ரெண்டு ஓட்டை.
பின்னால ஆரெண்டு தெரியாது.
வரிசையில ஒவ்வொருத்தராப் போக
அது தலையை ஆட்டும், இல்லாட்டி ஆட்டாது.
ஆட்டினா, அந்த ஆள் திரும்பி வராது.
இதுக்கு ஒரு ஓட்டை.
அவ்வளவுதானே வித்தியாசம்?"

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

என்னிடம் விளக்கம் இருந்தது:
குறியாக்கம், திறவுகோல், வெளியே போகாத கம்பி.
எதையும் சொல்லவில்லை.
திருப்புளியை எடுத்துப் பக்க மூடியைக் கழற்றினேன்.
தூசி, ஒரு செத்த பல்லி, பச்சைத் தகடு,
தீப்பெட்டியளவில் ஒரு வட்டு.
"உங்கட முகம் இருக்கப்போறது இதிலதான்.
இந்த விசை அழிக்கும். நீங்களே அமத்தலாம்."

முதலில் என் முகத்தைப் பதிந்தேன்.
அவர் அமத்தினார்.
கமராவின் முன் போய் நின்றேன்,
யாரென்று தெரியவில்லை என்றது.
இன்னொருக்காப் பார்க்கவேணும் என்றார்.
மூன்று முறை என்னைப் பதிந்தேன்.
மூன்று முறை என்னை அழித்தார்,
மூன்றாம் முறை அரைச் சிரிப்போடு.

ஆனாலும் அன்றைக்குப் பதியவில்லை.
பழைய கொப்பியில் பெருவிரல் வைத்துக்
காசை எண்ணி வாங்கினார்.
சைக்கிளை எடுக்கும்போது சொன்னது:
"மூடியைப் பூட்டாத. கழற்றியே வை."

வைத்திருக்கிறேன்.
தூசி விழுகிறது. சூடு குறைந்திருக்கிறது.
கொப்பியையும்
மேசையிலிருந்து எடுக்கவில்லை.