டயருக்குக் கல்

அடுப்படிச் சுவர் ஊறி வயிறு தள்ளியிருந்தது.
கொத்தனார் மாதேஷ் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்,
சந்தையில் மாட்டின் விலாவைத் தட்டுகிறவர் போல.
"இது செங்கல்லுல நிக்கலம்மா,
பெயின்ட்டுல நிக்குது."
மறுநாள் இடித்தார்கள்.

அதுவரை அந்த வேனுக்கு
அரவேணுவில் ஒரே பெயர்தான்:
சற்குணத்தின் கிறுக்கு.
முன்பு அது ஆம்புலன்ஸ்.
பி.எஃப். பணம் போட்டு வாங்கி
ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தின் மேலேயே மெத்தை விரித்து
ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை,
மஞ்சள் பூப்போட்ட திரை.
தனுஷ்கோடிக்கு என்றார். பிறகு கோகர்ணம் என்றார்.
போனது சிறுமுகை வரை.
கிளட்ச் கருகி,
காரட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி கயிறு கட்டி இழுக்க
மலையேறி வந்தோம், உள்ளே புளிச்சோறு தின்றபடி.
அன்று சொல்லாமல் விட்டதை
இரண்டு வருஷமாகத் தவணையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வாசல் சரிவில் நிற்கிறது.
டயருக்கு ஒன்றாக நாலு கல்.
முதலில் அரிசி ஏறியது, பிறகு மிக்ஸி,
பிறகு நாங்கள்.
குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில்
டீ வடிகட்டியும் பூண்டுச் சரமும்.

ஷைனிக்குப் பொதுத்தேர்வு.
உள்ளே டிரில்லிங் மெஷின் அலற
டிரைவர் சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
ஸ்டீயரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து
கரிம வேதியியலை ஓட்டினாள்.
தப்பாகச் சொன்னால் தானே ஒரு ஹாரன்.
ஆல்டிஹைடு முடிவதற்குள்
தெருவே எண்ணத் தொடங்கிவிட்டது.

சண்டை போட அதற்குள் இடமில்லை.
ஒருவர் முதுகை நகர்த்தாமல்
மற்றவர் உப்பை எடுக்க முடியாது.
கோபத்துக்குக் குறைந்தது இரண்டு அறை வேண்டும்.

பதினொரு மணிக்குப் பின்கதவைத் திறந்து
மாதேஷின் ஆட்களுக்கு டீ.
கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு பெண்
"எனக்கும் ரெண்டு, இஞ்சி போட்டு" என்றார்.
குடித்துவிட்டுப் படியில் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.
கூப்பிட வாய் திறந்தேன்.
ரூபாயைப் பூண்டுச் சரத்தில் செருகிவிட்டேன்.

பதினோராம் இரவு
சுவருக்குப் பதில் கட்டிய தார்ப்பாய்
காற்றில்லாமல் அசைந்தது.
"அப்பா" என்றாள் ஷைனி, மூச்சால்.
கரடி.
விளக்கு எரிந்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்குள்
வாடகை கேட்க வந்த ஓனர் மாதிரி நுழைந்தது.
சிமென்ட் மூட்டையை மோந்தது, பிடிக்கவில்லை.
நாங்கள் எடுத்துவர மறந்த கடலெண்ணெய் டின்னைக்
கவிழ்த்து, கால் நீட்டி உட்கார்ந்தது.

சற்குணத்தின் விரல் டாஷ்போர்டில் ஊர்ந்தது.
ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியாமல் கழற்றாமல் வைத்திருந்த
சைரன் ஸ்விட்ச்.
அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
குடிக்கட்டும், அரை லிட்டர்தான்.
பிடித்த கையை விடவும் தோன்றவில்லை.

ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
மூன்று நெற்றியும் ஒட்டிப் பார்த்தோம்:
எங்கள் சோபா, எங்கள் நாள்காட்டி,
கதவில் ஷைனியின் உயரம் குறித்த பென்சில் கோடுகள்.
எல்லாம் யாருடையதோ போல, டிக்கெட் எடுத்துப் பார்ப்பது போல.
கரடி வாயை நக்கிக்கொண்டு
தேயிலைக்குள் இறங்கிப் போனது.
வெகுநேரம் கழித்துச் சற்குணம் சொன்னார்:
"தனுஷ்கோடியில இது கிடையாது."
இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
அந்த ஊர்ப் பெயருக்கு நான் பதில் சொல்லவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. டைல்ஸ் வெள்ளை,
கொஞ்சம் அதிக வெள்ளை.
மிக்ஸி வீட்டுக்குத் திரும்பியது. அரிசியும்.
உப்பு ஜாடியை மட்டும் தேடிக்கொண்டே இருக்கிறேன்,
எங்கே இருக்கிறதென்று தெரிந்தே.

நேற்றுப் பதினொரு மணிக்கு
அந்தக் கொழுந்துக்காரப் பெண் பின்கதவைத் தட்டினார்.
"கடை லீவா?"

கல்லை இன்னும் எடுக்கவில்லை.
இஞ்சி தட்டப் போனேன்.