வில்லங்கச் சான்றில் வராதவள்

முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன்.
வில்லங்கம் இல்லை என்றது தாள்.
லண்டன்பேட்டை வீட்டு மாடியில்
ஜபீனா குடியிருப்பது அதில் வரவில்லை.

பர்கூர் நிலத்தை விற்றும் போதாமல்
பேங்கில் கடன் வாங்கி முடித்த வீடு.
மகன் கல்யாணம் தையில்.
"அடுத்த தை வரைக்கும் எழுதியிருக்கே" என்றார் வக்கீல்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
"பழையவர் போட்ட கையெழுத்து உங்களையும் பிடிக்கும்.
வாடகை கேளுங்க, பத்திரம் பதிஞ்ச நாளிலிருந்து.
கரண்டைப் பிடுங்கக் கூடாது. தண்ணி வால்வு பக்கமே போகாதீங்க.
சாவி இருந்தாலும் கதவைத் தட்டணும்."

தட்டினேன்.
திறந்தவள் ரசீதைக் காட்டினாள்:
அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
வாங்கியவர் ஓசூரில், போன் எடுப்பதில்லை.
காலி செய்யும்போது நான்தான் தரவேண்டுமாம்,
என் கை தொடாத நாற்பதாயிரம்.

பேசும்போதே
சையத் பாஷா மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
சமையல்கட்டில் மூன்று இடத்தில் சொட்டு.
மாங்கூழ் கம்பெனி டின்களை
பார்க்காமலே காலால் நகர்த்தி வைத்தாள்;
ஒவ்வொன்றிலும் சரியாக நடுவில் விழுந்தது.
என் வீடு எங்கே ஒழுகும் என்று
எனக்குத் தெரியாது.
"இது உங்க செலவுங்க."
வக்கீலும் அதைத்தான் சொல்வார்.

இறங்கும் முன் பணத்தை எண்ணித் தந்து
வாடகை நோட்டை நீட்டினாள்.
பத்திரம் பேங்கில்.
வரி ரசீது இன்னும் பழையவர் பேரில்.
வீட்டு ஓனர் என்று அச்சடித்த கோட்டின்மேல்தான்
முதல் தடவையாக என் கையெழுத்து.

பேனா எழுதவில்லை.
வேறு பேனா தேடி உள்ளே போனாள்.
மூன்றாவது டின்
சத்தம் மாறிக்கொண்டிருந்தது.