உறை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்:
பழைய உறையோடு எனக்குப் பகையில்லை.
வெள்ளிப் பூச்சுள்ள பிளாஸ்டிக் தாள்,
தலைமயிரைவிட மெலிது.
காற்றை விடாது, ஈரத்தை விடாது,
வெளிச்சத்தைக்கூட வாசலிலேயே நிறுத்திவிடும்.
முப்பது நாள் இமைக்காத காவல்.
அதன்பின் அதற்கு வேலையில்லை.
போகவும் தெரியாது.

டார்ட்டு நகரம். பிப்ரவரி.
வெளியே எமாயுகி ஆறு உறைந்து கிடக்கிறது.
கீழ்த்தளத்துத் தொட்டிகளில் பால் உறைகிறது.
மூன்றாம் மாடியில் நான்
உறை செய்கிறேன்.

உள்ளே இருக்கப்போவது ஒரு விரல் நீளம்தான்:
சாக்லேட் மேலங்கி போட்ட இனிப்புப் பாற்கட்டி.
கோஹுகே என்போம்.
பள்ளிப் பையில் நசுங்கும், டிராக்டர் இருக்கையில் உருகும்,
பிரசவ விடுதிக்கு வெளியே நிற்கும் அப்பன்மார்களின்
சட்டைப்பையில் மறந்து கிடக்கும்.
நான்கு கடி.
பசித்தவருக்கு இரண்டு.

என் உறை காகிதம்;
அதன்மேல் பாலிலிருந்தே எடுத்த புரதத்தின் பூச்சு.
பாலுக்குப் பாலையே உடுத்துகிறோம் என்றேன்.
கணக்குப் பிரிவு டாவெட் அதில் கவிதை எதையும் காணவில்லை.
"ஒன்றுக்கு எவ்வளவு கூடும்?"
அரை சென்ட்.
"அரை சென்ட், நாலு கோடி தடவை."
அவர் பெருக்கியதில் பிழையில்லை.

முதல் மாதிரி ஈரப்பெட்டியில் வியர்த்தது.
மூன்றாவது சுருண்டு படுத்தது.
ஐந்தாவதைக் கிடங்கு எலி
பாற்கட்டியை அப்படியே விட்டுவிட்டு
உறையை மட்டும் தின்றுபோனது.
வெற்றி, தோல்வி என இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில்
நடுக்கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தேன்.

பிரித்துப் பார்க்க ஆட்கள் வருவார்கள், மணிக்கு இவ்வளவு என்று.
ஹெல்வே பேருந்து ஓட்டுபவள்.
மர ஆலை ஒன்று அவள் இடக்கையில் மூன்று விரல்களை வைத்துக்கொண்டது.
எதையும் பல்லால்தான் கிழிப்பாள்.
ஒன்பதாவது மாதிரியைக் கிழித்தாள், தின்றாள்,
எதையோ தேடினாள்.
"பழையதாக இருந்தால் துண்டைத் துப்பியிருப்பேன்.
இதை, மன்னியுங்கள், விழுங்கிவிட்டேன்."
பேனா என் கையில் நடுங்கியது.

அன்று மாலையே
பனிக்கு நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்த உரக்குவியலில்
சாணம், பிர்ச் இலை, காப்பித்தூள் சக்கை இவற்றோடு
நாற்பது உறைகளைப் புதைத்தேன்.
குச்சி நட்டு, குச்சியில் சிவப்பு நூல் கட்டினேன்.

மே மாதம் தோண்டினோம்.
காகிதம் இல்லை. பூச்சு இல்லை.
நிறுவனத்தின் பசு முத்திரையும் இல்லை.
கொழுத்த புழுக்கள் மட்டும், எவருக்கும் கடன்படாதவை போல.
கை தட்டப் போனேன்.
அப்போதுதான் மண்ணில் கருப்பாய் ஏதோ,
எறும்பு என்று நினைத்தேன்,
ஊதினேன், நகரவில்லை.

18.03
18.03
18.03

இயந்திரம் கடைசியாய் ஒட்டும் அந்தக் கருநாடா மையை
நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை.
எல்லாம் மக்கிப் போயிருக்க
காலாவதித் தேதி மட்டும்
காலாவதியாகவில்லை.

டாவெட் அலுவலகச் செருப்போடு சாணத்தில் இறங்கி வந்தார்.
ஒரு எட்டை நகத்தால் எடுத்து
வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததை
அன்றுதான் கேட்டேன்.
திரும்பும்போது தானாகவே சொன்னார்:
"மை வாங்காவிட்டால் கால் சென்ட் மிச்சம்."

பத்தாவது மாதிரியில் மையில்லை.
எண்களை அழுத்திப் பதிக்கிறோம்;
இருட்டில் விரலால் படிக்கலாம்.
அழுத்துகிற இடத்தில் பூச்சு விரிசல் விடுகிறது,
அதுதான் இந்த வாரத்துத் தலைவலி.
ஒன்று தாங்குகிறது.
ஏழு தாங்குகிறது.
எட்டின் இடுப்பில்தான்
ஈரம் நுழைகிறது.