காட்சி 31, டேக் 4

ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில்
ஹார்ட் டிஸ்க் மூன்று முறை தும்மிவிட்டுச் சுழன்றது.
பதினான்கு வருடம்.
பழுது பார்த்த பையன் ஆயிரத்து இருநூறு ரிங்கிட் கேட்டான்,
உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

உள்ளே என் வீடு இருந்தது.
நாற்பத்தேழு நிமிடம், முடிவில்லாமல்.

படத்துக்கு அப்போது ‘இரு வேர்களின் நிறம்’ என்று பெயர்.
இருபத்தாறு வயதில் அப்படித்தான் வைப்பார்கள்.
நடிகர்களுக்குக் கொடுக்கக் காசில்லை.
அம்மாவை அம்மாவாகவும்
அப்பாவை அப்பாவாகவும் போட்டேன்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து யுஸ்ரி
நாள் முழுக்க ஒன்றைத்தான் கேட்டான்:
வெளிச்சம் யாருக்கு வைக்க?
அம்மாவுக்கு வைத்தால்
அப்பா சுவரோடு சுவராகப் போனார்.
அப்பாவுக்கு வைத்தால்
அம்மா சுண்ணாம்பாய் வெளுத்தாள்,
மூக்கு எது கன்னம் எது தெரியாமல்.
நடுவில் வைத்தால்
இரண்டு பேருமே கொஞ்சம் தப்பாகத் தெரிந்தார்கள்.
கிளாப் அடிக்க இடையில் வந்து நின்ற நான் மட்டும்
அந்த வெளிச்சத்தில் சரியாக இருந்தேன்.
யுஸ்ரி சிரித்தான்.
எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

காட்சி 31, சமையலறை.
அம்மா பேச வேண்டியது, நான் நான்கு இரவு எழுதியது:
“உங்க ஆளுங்களிலும் நான் இல்லை,
எங்க ஆளுங்களிலும் நான் இல்லை,
அப்போ நான் யார்?”
அம்மா தாளை மடித்து
மைலோ டின்னுக்கு அடியில் வைத்தாள்.
“சோறு வடிக்கிறப்ப
யாரும்மா இப்படிப் பேசுவா?”

நான்கு டேக்.
நான்கிலும் வாயைத் திறக்கவில்லை.
நான் கத்தினேன். கட்.
மறுநாள் பாதிப் பேர் வரவில்லை,
மறுவாரம் காசும் வரவில்லை.

அப்பாவின் கடைசி ஷாட் அதற்கு முந்தைய காட்சி.
வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே,
செருப்பைத் தேடுகிறார்.
எதிர்ஷாட் எடுக்கவில்லை.
இனி அவர் இல்லை.

இன்று ராத்திரி, ஹெட்போனில்,
என் கத்தலுக்குப் பிறகும் ஓடியிருந்த பதினோரு விநாடி.
யாரோ அணைக்க மறந்தது.
கேமரா தரையைப் பார்க்கிறது:
ஒரு கால் விரல், வெங்காயத் தோல்.
அம்மாவின் குரல்,
எனக்குப் பழக்கமில்லாத வேகத்தில்,
சவுண்ட்காரன் பூன் ஹுவாவிடம், தியோச்சியூவில்.

அந்த மொழியை அவள் எனக்குத் தரவில்லை.
புக்கிட் மெர்தாஜாமில் கதவைச் சாத்தினார்களே,
அந்த வாசலிலேயே அதை விட்டுவிட்டு
ஃபெரி ஏறினாள் என்று நினைத்திருந்தேன்.

திரும்பத் திரும்பக் கேட்டேன்.
அழுகையா, சாபமா,
என் படத்தின் முடிவே இதற்குள்தான் என்று
அந்தத் துண்டை வெட்டி அனுப்பினேன்.
பூன் ஹுவா இப்போது கூலிமில் ஏர்கான் மாட்டுகிறான்.
விடிந்து வந்தது குரல்செய்தி,
பின்னால் டிரில் சத்தம், மலாயில் சொன்னான்:

கேமராப் பையன் நோன்பு,
அவன் கண்ணில் படாமல் பின்பக்கம் போய்ச் சாப்பிடுங்கள்.
அந்தப் பெண் கோபத்தில் இருக்கிறாள்,
காலையில் பசியாறவும் இல்லை.
அவளுக்கு ஒரு முட்டை எடுத்து வை.

அவ்வளவுதான்.
முட்டையைக் கொடுத்தேனா என்று
அவனே என்னைக் கேட்டான்.
எனக்கும் நினைவில்லை.

பெயரை எடுத்துவிட்டேன், வசனத்தையும்.
வெங்காயத் தோல் இருக்கிறது.
அடியில் எழுத்துப் போடுவதா
என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை எதிர்ஷாட்.
தலைக்குச் சாயம் பூசட்டுமா என்றாள் அம்மா,
பதினான்கு வருடத்தை ஒரு கட்டில் எப்படித் தாண்டுவது
என்பது அவள் கவலை.
வேண்டாம் என்றேன்.
யுஸ்ரி வந்தான், தொப்பையோடு.
ஃபிரேமில் ஒருத்திதான்,
இருந்தும் பழக்கத்தில் கேட்டான்:
வெளிச்சம் யாருக்கு?

அம்மா காலி வாசலைப் பார்த்தாள்.
அங்கே அவர் என்ன செய்கிறார் என்றாள்.
செருப்பைத் தேடுகிறார் என்றேன்.

கேமரா ஓடியது.
நான் எழுதிக் கொடுத்தது ஒன்றுமில்லை.
“பக்கெட்டுக்குப் பின்னால பாருங்க.
நேத்து மழைன்னு நான்தான் எடுத்து வெச்சேன்.”