இரண்டே முக்கால்

முதலில் ஒரு நாணயம் அளவு ஈரம்.
தேத்தண்ணி சிந்தியிருக்கும் என்று
துவாய் போட்டு மிதித்துவிட்டு வேலைக்குப் போனேன்.
இரவு வந்தபோது கால்மேசு நனைந்தது.

பொயிலரின் முள் ஒன்றில் நிற்கவேண்டியது,
அரைக்கும் கீழே படுத்திருந்தது.
தண்ணீர் ஏற்றினேன். விடியும்போது மறுபடி படுத்துவிட்டது.
கொவென்ற்றியில் அன்று மைனஸ் நான்கு.
பிளம்பர் வியாழனுக்கு முன் வரமாட்டாராம்,
வந்து எட்டிப் பார்க்கவே தொண்ணூறு பவுணாம்.
நளாயினி ஒன்றும் பேசாமல்
வெறும் ஐஸ்கிரீம் டப்பாக்களை அடுக்கித் தந்தாள்.

பின்பக்கத்துச் சின்ன அறை.
டோர்ச்சோடு நெஞ்சு நிலத்தில் பட, குப்புறப் படுத்தேன்.
ரேடியேற்றரின் அடி விளிம்பில்
வெள்ளைப் பூச்சு கொப்பளித்த இடத்தில்
குண்டூசி முனையளவு ஓட்டை.
பதினொரு விநாடிக்கு ஒரு சொட்டு.
விழுமுன் சற்றுத் தொங்கி நிற்கிறது,
விழட்டுமா என்று யாரையோ கேட்பதுபோல.

இடப்பக்கம் இலக்கம் போட்ட தலை. பூச்சியத்துக்குத் திருப்பினேன்.
வலப்பக்கத்து வால்வுக்குப் பிளாஸ்ரிக் தொப்பி.
கழற்றி, ஸ்பனர் பிடித்து, சுற்றுகளை எண்ணியபடி மூடினேன்.
திறக்கும்போது அதே கணக்கில் திறக்கவேண்டும்,
பிசகினால் மற்ற அறைகளின் சூடு குழம்பிவிடும்.
இரண்டே முக்கால்.
மறக்காமல் சுவரில் குறிக்கப் பென்சிலைக் கொண்டுபோனேன்.
அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது,
சிறிய, நேரான எழுத்தில்:
இரண்டே முக்கால்.

யூட் கிறிசாந்தன்.
இந்த அறையில் பதினாறு மாதம் வாடகைக்கு இருந்தவன்.
ஒரு ஞாயிறு முழுக்க வீட்டின் ஏழு ரேடியேற்றரையும்
தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சமன் செய்து தந்தவன்.
காசு வேண்டாம் என்றான். ஒரு பிளேன் ரீ குடித்தான்.

நட்டைத் தளர்த்தினேன்.
வந்தது தண்ணீர் இல்லை, மை.
இரும்பு தன்னைத் தானே தின்று
இத்தனை நாள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த கறுப்பு.
ஆறு டப்பா நிறைந்தது.
வால்வுகளின் வாய்க்கு மூடி போட்டு இறுக்கிவிட்டு
கொக்கியிலிருந்து அந்தப் பாரத்தைத் தூக்கினேன்.

பின்னால் சுவரில் நீள்சதுரமாய்ப் பழைய பச்சை நிறம்.
ஒரு பஸ் ரிக்கற். இறந்த குளவி.
கொக்கியின் இடுக்கில் மடிந்தபடி
இருபது பவுண்.
இப்போதைய வழுவழுத்த தாள் இல்லை, காகிதம்.
ஆறு பனிக்காலத்துச் சூட்டில் காய்ந்து
அப்பளமாய் ஓரம் முறிந்தது.

அவன் வேலைக்குப் போன நேரம்
என் காற்சட்டையை இங்கேதான் காயப்போடுவேன்.

நான் கத்தவில்லை.
“இந்த வீட்டில் மூன்று பேர்தானே” என்று மட்டும் சொன்னேன்.
பிறகு பலசரக்குக் கடையில் ஒருவரிடம் சொன்னேன்.
ஒரே ஒருவரிடம்தான்.
அடுத்த சனிக்கிழமை அந்தக் கடையில் அவனுக்கு வேலை இல்லை.
மாதக் கடைசியில் திறப்பைக் கதவடியில் வைத்துப் போனான்.
வாடகை உறையில் இருபது பவுண் கூடுதலாக இருந்தது.
அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.
நளாயினியிடம் உறையை விரித்துக்கூடக் காட்டினேன்.

இப்போது அவள் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.
“இது இனிக் கடையில எடுக்கமாட்டினம்.
பாங்குக்கு அனுப்பினா மாத்தித் தருவினம்.”
கொஞ்சம் பொறுத்து,
“நம்பர் இருக்கோ?”
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

கீழே பொயிலர் முள் ஒன்றரையில் அசையாமல் நிற்கிறது.
மற்ற அறைகளில் சூடு ஏறும் சத்தம், டக், டக்.
கடைசி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி
படி படியாய் இறங்குகிறேன்,
ஒரு சொட்டும் சிந்தாமல்,
இப்போது.